நடுக்கடலில் பறவை வந்து இறங்கினால் என்ன செய்வது? கடலுக்குப் புதியவர்களுக்கு

சுற்றிலும் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில், எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு சின்னக் குருவி உங்கள் படகின் கம்பியில் உட்காரும். அலகு லேசாகத் திறந்திருக்கும், சிறகு தளர்ந்து தொங்கும், நீங்கள் இரண்டடி தூரத்தில் நின்றாலும் பறக்காது. முதல் முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கையில் எடுத்துக் கொஞ்சுகிறார்கள், இல்லையென்றால் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறார்கள். இரண்டுமே அதற்கு உதவாது. எது உதவும், எப்போது சும்மா இருப்பது நல்லது, இரவில் விளக்குகளை என்ன செய்வது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பாய்மரப் படகோ, மீன்பிடிப் படகோ, சரக்குக் கப்பலோ, நீங்கள் பயணியாகப் போகும் பெரிய கப்பலோ, அடிப்படை ஒன்றுதான்.

அது ஏன் அங்கே இருக்கிறது

"பாவம், வழி தவறி வந்துவிட்டது" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சில சமயம் அது உண்மை, காற்று அடித்துத் தள்ளியிருக்கும். ஆனால் நிறையப் பறவைகளுக்குக் கடலைக் கடப்பது ஆண்டுதோறும் இரண்டு முறை நடக்கும் வழக்கமான பயணம். அமூர் வல்லூறு 150 கிராம் அளவுதான் இருக்கும், அது இந்தியாவிலிருந்து அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நிற்காமல் போகிறது. வட அமெரிக்காவின் பிளாக்போல் வார்ப்ளர் சாதாரண நாளில் 12 கிராம் எடை. அது அட்லாண்டிக்கின் மேல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பறந்து 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை கடக்கிறது என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2022 அக்டோபரில் ஐந்து மாதமே வயதான ஒரு பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை, முதுகில் செயற்கைக்கோள் கருவியோடு, அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் சாப்பாடு கிடையாது.

இதற்கெல்லாம் எரிபொருள் கொழுப்பு. கிளம்புவதற்கு முன் தின்று தின்று எடையைக் கூட்டிக்கொள்ளும், சில சிறு குருவிகள் இரண்டு மடங்காகக்கூட ஆகிவிடும். கொழுப்பு எரியும்போது உடலுக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரும் உண்டாகிறது. கணக்கு சரியாக இருந்தால் கரை வந்து சேரும். எதிர்க்காற்று, மழை, மூடுபனி இந்த மூன்றில் ஒன்று வழியில் குறுக்கிட்டால் கணக்கு கெட்டுப்போகும், கொழுப்பு தீர்ந்து நெஞ்சுத் தசையையே எரிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில்தான் அது உங்கள் படகைப் பார்க்கிறது. கடலில் மிதந்து வரும் ஒரு மரக்கிளைக்கு மேல் அதற்கு உங்கள் படகு ஒன்றும் இல்லை, அந்தக் கிளையாகவே நாம் இருந்துவிட்டால் போதும் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது.

எப்போது எதிர்பார்க்கலாம் என்றால், வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தெற்கு நோக்கியும், மார்ச் முதல் மே வரை வடக்கு நோக்கியும் பெரும் கூட்டம் நகரும். சிறு குருவிகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை, சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் கிளம்பிவிடும். அதனால் விடிந்த பிறகும் கீழே தண்ணீர்தான் தெரிகிறது என்ற நிலையில் அவை கண்ணில் படும் எதன் மேலும் இறங்கும். மத்தியதரைக் கடல், வட கடல், மெக்சிகோ வளைகுடா, அரபிக்கடல், மஞ்சள் கடல் போன்ற இடங்களில் இந்த மாதங்களில் போகிறவர்கள் கட்டாயம் தயாராக இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. மூடியுள்ள அட்டைப்பெட்டி இரண்டு மூன்று, பக்கவாட்டில் பென்சில் அளவு துளை போட்டது. பஞ்சு பிரியாத பழைய துண்டுகள், ஏனென்றால் நூல் பிரியும் துணியில் நகம் மாட்டிக்கொள்ளும். ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. ஆழமில்லாத மூடி ஒன்று, தண்ணீர் வைக்க. தூண்டில் போடுகிறவர்கள் என்றால் முள்ளை வெட்டக்கூடிய கட்டிங் பிளேயரும் நீளக் கைப்பிடி வலையும். ஒரு நோட்டும் பென்சிலும். போனில் பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப்பை இறக்கி, போகப்போகும் பகுதிக்கான தொகுப்பையும் கரையிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள், நடுக்கடலில் சிக்னல் இருக்காது.

இறங்கியதும் முதல் வேலை

விலகி நிற்பது. உண்மையிலேயே அதுதான் முதல் வேலை. பறவை உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, முடிந்தால் அந்த இடத்தை மற்றவர்களுக்கும் சொல்லி, போட்டோ எடுப்பதைத் தூரத்திலிருந்து எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். நாம் கிட்டே போகும்போதெல்லாம் அது எழுந்து படகை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்காரும், அந்த ஒரு சுற்றுக்குக்கூட அதனிடம் மிச்சம் இல்லாமல் இருக்கலாம். சில குருவிகள் பயமே இல்லாமல் தோளில் வந்து உட்காரும், காலடியில் நடக்கும். அது பழக்கம் காட்டவில்லை, பயப்படக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறது. தானாக வந்து உட்கார்ந்தால் அசையாமல் இருங்கள், கையால் தடவ வேண்டாம்.

விலகி நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. பாய்மரப் படகில் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், அந்த இறக்கை சின்னக் குருவியை ஒரே அடியில் கொன்றுவிடும். பூனையோ நாயோ இருந்தால் உள்ளே கட்டுங்கள். தண்ணீரோ எண்ணெயோ இருக்கும் வாளி, டிரம் எல்லாவற்றையும் மூடுங்கள், தாகத்தில் உள்ளே இறங்கி வெளியே வர முடியாமல் போகும். தூண்டில் முள்ளும் நரம்புக் கயிறும் வெளியே கிடந்தால் சுருட்டி வையுங்கள். பூச்சிமருந்து அடிக்கவே கூடாது.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. இரவில் டெக் (மேல்தளம்) விளக்குக்கு வந்த விட்டில்களும் பூச்சிகளும் காலையில் சுவரோரமாகக் கிடக்கும். வாலாட்டி, ஈப்பிடிப்பான் மாதிரியான பூச்சி தின்னும் குருவிகளுக்கு அதுதான் சாப்பாடு. பறவை இறங்கியிருக்கிற நாளில் டெக் கழுவுவதை மதியத்துக்கு மேல் தள்ளிப்போட முடியுமென்றால் தள்ளிப்போடுங்கள். நீங்கள் தேடித் தேடி வைக்கும் எதையும் விட இது அதற்கு நல்லது.

கேபினுக்குள் புகுந்துவிட்டால் துரத்த வேண்டாம். எல்லா விளக்கையும் அணைத்து, கண்ணாடி ஜன்னல்களைத் துணியால் மறைத்து, வெளியே போகும் ஒரே ஒரு கதவை மட்டும் வெளிச்சமாகத் திறந்து விட்டு, நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வெளிச்சத்தைப் பார்த்து அதுவே போகும்.

தண்ணீர், சாப்பாடு

இங்கே பறவை யார் என்பது முக்கியம். நிலத்துப் பறவைக்கு உப்புத்தண்ணீர் ஆகாது, கடற்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரித்து மூக்குத் துவாரம் வழியாக வெளியேற்றும் சுரப்பி இருக்கிறது, அதனால் ஆலாவுக்கோ கடற்காகத்துக்கோ நீங்கள் தண்ணீர் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தகைவிலான், வாலாட்டி, பஞ்சுருட்டான், கொண்டலாத்தி, குயில், உள்ளான் என்று கரையைச் சேர்ந்தது எது வந்தாலும் நல்ல தண்ணீரை ஒரு மூடியில் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாக ஊற்றி, காற்றும் தெறிப்பும் படாத இடத்தில், அதற்கு ஓரிரு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடுவில் ஒரு சின்னக் கல்லோ நட்டோ போட்டால் நிற்கப் பிடிப்பாக இருக்கும், படகு ஆடும்போது மூடியும் நகராது.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறக்கிறது, நீங்கள் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். காப்பாற்றப் போய்க் கொல்வது இப்படித்தான் அதிகம் நடக்கிறது. பாலும் கூடவே கூடாது, பறவைக்கு அது செரிக்காது.

சாப்பாட்டுக்கு அலகைப் பாருங்கள். மெல்லிய ஊசி அலகு என்றால் பூச்சி தின்னி, தானியத்தைத் தொடாது. கட்டையான கூம்பு அலகு என்றால் சிறுதானியம் கொஞ்சம் தூவலாம். கொக்கு, நாரை வகை என்றால் பச்சை மீன் சின்னதாக முழுதாகப் போட்டுப் பார்க்கலாம், எடுத்தால் எடுக்கும். ரொட்டி, சோறு, பிஸ்கட், உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். சிறிது நேரம் ஓய்வெடுத்துவிட்டு ஒன்றும் தின்னாமலே கிளம்பிப் போகும் பறவைகள்தான் அதிகம், அதனால் தின்னவில்லையே என்று கவலைப்பட்டு வற்புறுத்த வேண்டாம்.

எப்போது கையில் எடுக்கலாம்

நாலைந்து நிலைமைகளில் மட்டும். இறகெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கச் சிறகு தொங்குகிறது, கயிறோ முள்ளோ மாட்டியிருக்கிறது, எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது உடம்பை உப்பிக்கொண்டு கண்ணை மூடி, தட்டுத்தடுமாறி, மிதிபடும் இடத்தில் கிடக்கிறது. உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் என்றால் விடுங்கள், அது தூங்குகிறது.

எடுப்பதாக முடிவு செய்தால் முதலில் கையுறையும் முகக்கவசமும். எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2021-லிருந்து கடற்பறவைகளிடையே கண்டம் கண்டமாகப் பரவி, 2023-ல் அண்டார்டிகாவுக்கு அருகிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவையும் எட்டிவிட்டது. தலை கோணிக்கொண்டு இழுப்பு வருகிறது, கழுத்தை நிமிர்த்த முடியவில்லை, வட்டமாகச் சுற்றுகிறது என்றால் அந்தப் பறவையைத் தொடவே வேண்டாம், அந்த இடத்தை மற்றவர்களுக்குத் தடுத்து வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சாதாரணமாகச் சோர்ந்த குருவி என்றாலும் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

துண்டை மேலே மெதுவாகப் போட்டு, தலை மூடியிருக்கும்படி, இரண்டு சிறகும் உடம்போடு சேர்ந்திருக்கும்படி அள்ளுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது, ஒரு துளி அழுத்தம்கூட. நமக்கு இருப்பது போல உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு, இறுக்கிப் பிடித்தால் வாய் திறந்து கத்தும் வழிகூட இல்லாமல் கையிலேயே செத்துப்போகும். கொக்கு, நாரை, கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் கன்னெட், பூபி போன்ற நீண்ட அலகுக்காரர்கள் நேராகக் கண்ணைக் குறிவைத்துக் குத்துவார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, கழுத்தைத் தலைக்குக் கீழே பிடியுங்கள். வல்லூறு, ஆந்தை வகைகளில் ஆபத்து அலகில் இல்லை, காலில் இருக்கிறது.

துண்டுக்குள் இருக்கும்போது விரல் நுனியால் நெஞ்சின் நடு எலும்பை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் தசை நிறைந்து உருண்டையாக இருந்தால் களைப்பு மட்டும்தான், ஓய்வு போதும். கத்தி முனை மாதிரி எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் தசையும் கரைந்துவிட்டது, அது கரையில் கவனிப்பு தேவைப்படும் பறவை.

பெட்டியில் வைத்து மூடிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. இருட்டும் அமைதியும் மிதமான சூடும்தான் அதற்கு மருந்து. என்ஜின் புகை, பெயிண்ட், டீசல் வாடை வரும் இடத்தில் வைக்காதீர்கள். சமையல் பகுதியிலும் வேண்டாம், ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி மனிதனுக்கு ஒன்றும் தெரியாத அளவிலேயே பறவையைக் கொன்றுவிடும். ஒரு பெட்டிக்கு ஒரு பறவை. பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அது பயந்து படபடத்துச் சேர்த்த தெம்பை இழக்கும், இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு உள்ளே கீறும் சத்தம் வருகிறதா என்று வெளியிலிருந்து கேட்டால் போதும்.

திரும்ப விடுவது

மேலே தூக்கி எறிவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள். பறக்க முடியாத பறவை நேரே தண்ணீரில் போய் விழும், நிலத்துப் பறவை தண்ணீரில் விழுந்தால் அவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், மழையும் மூடுபனியும் இல்லாதபோது, டெக்கில் காற்று ஒதுங்கும் பக்கமாகப் பெட்டியை வைத்து மூடியைத் திறந்துவிட்டு நீங்கள் போய்விடுங்கள். போவதா, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவதா என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். கடற்காகங்கள் படகைச் சுற்றிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், சோர்ந்த குருவி கடலுக்கு மேலே தனியாகப் பறப்பதைப் பார்த்தால் அவை விடாது. படகு கரையை நோக்கித்தான் போகிறது, ஓரிரு நாளில் நிலம் தெரியும் என்றால் அவசரமே வேண்டாம், நிலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு திறப்பது எவ்வளவோ மேல்.

உழவாரன் குருவி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. நீண்ட சிறகு, மிகச் சின்னக் கால், டெக்கில் விழுந்தால் எழும்பத் திணறும். அதை விரித்த உள்ளங்கையில் வைத்து, காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, உயரமான திறந்த இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். சிறகை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு தானாகக் கிளம்பும்.

பறக்கவே முடியாததைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், துறைமுகத்துக்கு முன்கூட்டியே ரேடியோவிலோ ஏஜென்ட் மூலமாகவோ சொல்லிவிடுங்கள். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இறங்கி நடந்தால் பல நாடுகளில் அது சட்ட மீறல். பறவைகள் உட்பட வலசை போகும் காட்டுயிர்களைக் காப்பதற்கென்று 1979-ல் ஜெர்மனியின் பான் நகரில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையே இருக்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வனவிலங்குச் சட்டமும் நோய்த்தடுப்பு விதியும் உண்டு. பிடித்துக் கூண்டில் வளர்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரவும் விளக்கும்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பறவை, இரண்டு பறவை பற்றியது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் விழ வைக்கக்கூடியது விளக்கு. கடலில் பறவைக்கு நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி பெட்டியோ தண்ணீரோ அல்ல, சுவிட்சை அணைப்பது. நிலா இல்லாத இரவில், மேகம் தாழ்ந்து, தூறலும் மூடுபனியுமாக இருக்கும்போது, நட்சத்திரம் தெரியாத பறவைக்குக் கீழே எரியும் ஒரே வெளிச்சம் உங்கள் கப்பல். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் வந்தால் வெளியே இருட்டுக்குத் திரும்பிப் போகத் தயங்கி, சுற்றிச் சுற்றியே களைத்து, கம்பியிலும் கண்ணாடியிலும் மோதி விழும்.

அணைத்தால் பலன் உடனே தெரியும். நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 இரவு வானை நோக்கி எரியவிடும் ஒளித்தூண்களில் வலசைக் குருவிகள் ஆயிரக்கணக்கில் சிக்கிச் சுழல்வதை ரேடாரில் கவனித்த ஆய்வு 2017-ல் வெளியானது. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் அந்தக் கூட்டம் கலைந்து தன் வழியே போய்விட்டது. நிலத்தில் நடந்த ஆய்வுதான், ஆனால் மூடுபனி இரவில் டெக்கில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நடைமுறையில் எப்படிச் செய்வது? முதலில், வழிகாட்டும் விளக்குகளை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கக் கூடாது, 1972-ம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் கட்டாயமாக்கியிருப்பவை அவை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் 100 மீட்டரோ அதற்கு மேலோ நீளம் என்றால் டெக்கை வெளிச்சமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, அதையும் மீற முடியாது. மற்றதெல்லாம் நம் கையில். ஓடும்போது தேவையில்லாத டெக் விளக்குகள், அலங்கார விளக்குகள், மேல்நோக்கி எரியும் ஃப்ளட் லைட்டுகளை அணையுங்கள். வேலை நடக்கும் இடத்தில் மட்டும் விளக்கு, அதுவும் தலைக்கு மேல் மறைப்பு வைத்துக் கீழ்நோக்கி. கேபின் ஜன்னல்களில் திரையை இழுத்து விடுங்கள், இது ஒவ்வொரு பயணியும் தன் அறையில் செய்யக்கூடியது. கேப்டனிடம் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், டெக் வெளிச்சம் குறைந்தால் காவலில் இருப்பவரின் கண்ணுக்கும் இருட்டு பழகி முன்னால் நன்றாகத் தெரியும், அதனால் அவர்களே மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள்.

விளக்குக்கு விழுபவற்றில் குருவிகள் மட்டுமல்ல, ஸ்டார்ம் பெட்ரல், ஷியர்வாட்டர் போன்ற கடற்பறவைகளும் உண்டு. இந்தக் கடற்பறவைகளைச் சும்மா விட்டுவிடக் கூடாது, மேலே சொன்ன "விலகி நில்" விதி இவற்றுக்குப் பொருந்தாது. கால்கள் உடம்பின் பின்பக்கமாக, நிற்க வலுவில்லாமல் இருக்கும், டெக்கின் விளிம்புத் தடுப்பைத் தாண்டி எழும்ப முடியாது. கயிற்றுச் சுருள், வலை, இயந்திரத்தின் அடி என்று இருட்டு மூலையைத் தேடி ஊர்ந்து போய் அங்கேயே கிடந்து எண்ணெயும் அழுக்கும் பட்டுச் சாகும். ஆகவே மோசமான இரவுக்குப் பின் விடியும் முன்பே டார்ச்சோடு ஒரு சுற்று வந்து, எல்லா மூலையையும் குனிந்து பாருங்கள்.

கிடைத்ததைத் துணியால் எடுங்கள். பயந்தால் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயைக் கக்கும், அது உங்கள் சட்டையில் பட்டால் பரவாயில்லை, பக்கத்துப் பறவையின் இறகில் பட்டால் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும். ஒரு பெட்டிக்கு ஒன்று என்று சொன்னது இதற்காகவும்தான். நன்றாக உலர்ந்திருந்தால், அடிபடாமல் இருந்தால், விளக்கில்லாத இருட்டான பக்கமாகப் போய், தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் தாழ்ந்த இடத்திலிருந்து, காற்றைப் பார்க்க வைத்துக் கையைத் திறந்துவிடுங்கள். நனைந்திருந்தால் உலரும் வரை பெட்டியில். மூடுபனியும் விளக்கும் அப்படியே இருக்கும்போது விட்டால் திரும்ப வந்து அதே இடத்தில் மோதும், அதனால் வானம் தெளியும் வரை வைத்திருப்பது நல்லது.

கவலைப்பட வேண்டாத சிலர்

அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பூபி களைப்பில் வரவில்லை. கப்பல் கிழித்துப் போகும்போது பயந்து எழும்பும் பறக்கும் மீனைப் பிடிக்க உங்களை வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. வேடிக்கை பார்த்து மகிழுங்கள். கடற்காகம் பின்னாலேயே வருவது மீன் கழிவுக்கு.

வல்லூறு ஒன்று பாய்மர உச்சியில் தங்கி, கப்பலுக்கு வரும் சிறு குருவிகளை வேட்டையாடிக்கொண்டே சில நாள் கூட வருவது உண்டு. பார்க்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். சோர்ந்த குருவியைக் கொக்கு பிடித்து விழுங்குவதும் நடக்கும். அதுவும் பசியோடு கடல் கடக்கும் பறவைதான், விரட்ட வேண்டாம்.

காகம் மட்டும் தனிக் கதை. துறைமுகத்தில் ஏறிக் கப்பலிலேயே பயணம் செய்து, புது நாடுகளில் இறங்கிப் பெருகி, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை போன்ற இடங்களில் உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெரும் தொல்லையாகியிருக்கிறது நம் வீட்டுக் காகம். கப்பலில் ஏறிய காகத்துக்குச் சாப்பாடு போடாதீர்கள், துறைமுகத்தை விட்டு வெளியேறும் முன்பே விரட்டிவிடுங்கள்.

தூண்டிலில் பறவை மாட்டினால் நரம்பைத் தூரத்தில் அறுத்து விட்டுவிடாதீர்கள், தொங்கும் கயிறு எங்காவது சிக்கித் தலைகீழாகச் சாகும். படகை மெதுவாக்கி, நிதானமாக இழுத்து, வலையால் ஏற்றி, தலையைத் துணியால் மூடி, முள்ளின் நுனியை வெளியே வரும் வரை தள்ளி, கொக்கி முனையைப் பிளேயரால் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பின்பக்கமாக உருவுங்கள். விழுங்கியிருந்தால் இழுக்கக் கூடாது, நரம்பை அலகுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டுங்கள்.

எழுதி வையுங்கள்

கடலில் பறவை பார்ப்பவர்கள் குறைவு, அதனால் நீங்கள் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். கப்பல்காரர்கள் பறவையைக் கவனிப்பது புதிதல்ல, 1492 அக்டோபர் 7 அன்று தென்மேற்காகப் போன பறவைக் கூட்டத்தைப் பார்த்துக் கொலம்பஸ் தன் கப்பல்களின் திசையையே மாற்றினார், ஐந்தாம் நாள் நிலம் தெரிந்தது. நமக்கு இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. தேதி, நேரம், அட்சரேகை தீர்க்கரேகை, காற்றின் திசையும் வேகமும், மழையா மூடுபனியா, எத்தனை பறவை, வந்த நேரம், கிளம்பிய நேரம், கிளம்பிப் போன திசை. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதினால் நேர மண்டலம் மாறும்போது குழப்பம் வராது. முதுகு, வயிறு, பக்கவாடு, விரிந்த வால் என்று நான்கு கோணத்தில் படம் எடுத்தால், பெயர் தெரியாவிட்டாலும் பிறகு தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். பார்த்ததை எல்லோரும் பதிவு செய்யும் இணையதளங்களான இபேர்டிலும் ஐநேச்சுரலிஸ்டிலும் பதிவிடலாம், படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் இபேர்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பட்டியலாகப் பிரித்துப் போடுங்கள்.

காலில் வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உயிருள்ள பறவையை வளையத்துக்காகப் பிடிக்க வேண்டாம், ஜூம் செய்து பல படம் எடுத்தால் எண் துண்டு துண்டாகக் கிடைத்துவிடும். நிற வளையம் என்றால் எந்தக் காலில், மேலிருந்து கீழாக என்ன வரிசை என்று குறியுங்கள். முதுகில் மெல்லிய கம்பியோடு ஒரு சின்னப் பெட்டி இருந்தால் அது கண்காணிப்புக் கருவி, சிக்கியிருக்கும் குப்பை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். இறந்து கிடக்கும் பறவையில் வளையம் இருந்தால் கையுறையோடு எண்ணையும் அதில் பொறித்திருக்கும் முகவரியையும் படம் எடுத்து, இடமும் நேரமும் சேர்த்து, கரை சேர்ந்ததும் அந்த முகவரிக்கு அனுப்புங்கள். வளையம் போட்ட நாள், இடம், அப்போது அதன் வயது எல்லாவற்றையும் எழுதிப் பெரும்பாலும் பதில் வரும்.